ஏழு முறை ‘மேடே’, சுமார் பத்து விநாடி: டேக்-ஆஃபில் திசை மாறும் சிறிய விமானங்கள் சொல்லும் பாடம்

2017 பிப்ரவரி 21. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள எசென்டன் விமான நிலையம். காலை 9 மணி ஆகச் சில நிமிடங்களே இருந்தன. இரட்டை எஞ்சின் கொண்ட பீச்கிராஃப்ட் கிங் ஏர் பி200 ரக விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தது. உள்ளே ஒரு பைலட், நான்கு அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள். கிங் தீவுக்கு கோல்ஃப் விளையாடக் கிளம்பியவர்கள்.

வழக்கத்தைவிட அதிக தூரம் ஓடித்தான் விமானம் தரையை விட்டு எழும்பியது. எழும்பியதுமே மூக்கு இடது பக்கம் திரும்பியது. நேராக ஏறவில்லை, இடது பக்கமாக வளைந்து போனது. பைலட் ரேடியோவில் ‘மேடே’ என்ற அபாய அழைப்பை ஏழு முறை சொன்னார். சுமார் 10 விநாடிகளில் எல்லாம் முடிந்தது. விமான நிலையத்தை ஒட்டிய ஷாப்பிங் மால் கட்டடத்தில் மோதித் தீப்பிடித்தது. ஐந்து பேரும் இறந்தார்கள். மாலில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

முதல் சில மணி நேரம் ‘எஞ்சின் செயலிழந்துவிட்டது’ என்பதுதான் பேச்சாக இருந்தது. ஆனால் ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் 2018 செப்டம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கை வேறொன்றைச் சொன்னது. எஞ்சின்கள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. தவறான இடத்தில் இருந்தது காக்பிட்டில் உள்ள ஒரு சிறிய திருகு.

ஒரு திருகு ஐந்து உயிர்களைக் குடிக்குமா? குடிக்கும். எப்படி என்று புரிய, சிறிய விமானம் தரையில் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

காரில் கை, விமானத்தில் கால்

பைலட் பயிற்சிக்குப் போகும் பலரும் முதல் நாளில் ஒரே தப்பைச் செய்வார்கள். விமானம் தரையில் ஓடும்போது கொஞ்சம் விலகினால், கையில் இருக்கும் ஸ்டீயரிங் போன்ற பிடியைத் திருப்புவார்கள். ஒன்றும் நடக்காது. ஏனென்றால் அந்தப் பிடி, பறக்கும்போது இறக்கைகளைச் சாய்ப்பதற்கானது. தரையில் திசை திருப்புவது கால்தான்.

காலுக்குக் கீழே இரண்டு பெடல்கள். வலது பெடலை அழுத்தினால் மூக்கு வலது பக்கம், இடதை அழுத்தினால் இடது பக்கம். இந்தப் பெடல்கள் வால் பகுதியில் செங்குத்தாக நிற்கும் ரட்டரை, அதாவது சுக்கானை அசைக்கின்றன. பல சிறிய விமானங்களில் இதே பெடல்கள் முன்சக்கரத்தையும் திருப்பும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுக்கான் வேலை செய்யக் காற்று வேண்டும். வேகம் குறைவாக இருக்கும்போது அதன் மேல் போதிய காற்று ஓடாது. அப்போது முன்சக்கரத்தை நம்ப வேண்டும். வேகம் கூடக்கூட முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும், பொறுப்பு மெல்ல சுக்கானுக்குக் கைமாறும். இந்தக் கைமாற்றம் நடக்கும் சில விநாடிகளில்தான் விமானம் ‘இழுக்க’ ஆரம்பிக்கும்.

ஏன் பெரும்பாலும் இடது பக்கமே இழுக்கிறது?

செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களில், காக்பிட்டில் இருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் கடிகார முள் திசையில் சுற்றும். முழு வேகத்தில் அது சுற்றும்போது பின்னால் தள்ளப்படும் காற்று நேராகப் போகாது. விமானத்தின் உடலைச் சுருள்போலச் சுற்றிக்கொண்டு போய், வாலின் இடது பக்கத்தில் அடிக்கும். வால் வலது பக்கம் தள்ளப்படும், மூக்கு இடது பக்கம் திரும்பும்.

இன்னொரு காரணமும் உண்டு. ப்ரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றினால், விமானத்தின் உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். தரையில் அது நடக்காது என்பதால் அந்த அழுத்தம் இடது சக்கரத்தில் போய் இறங்கும். பாரம் கூடிய சக்கரத்தில் உராய்வும் கூடும். இழுப்பு இன்னும் அதிகமாகும்.

அதனால்தான் பயிற்சியாளர்கள் ‘வலது கால், வலது கால்’ என்று ஓயாமல் கத்துவார்கள். சில பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களும் ரஷ்ய எஞ்சின்களும் எதிர்த்திசையில் சுற்றுபவை. அங்கே கதை தலைகீழ், இடது கால் வேண்டும்.

வால் பக்கம் சிறு சக்கரம் உள்ள பழைய பாணி விமானங்கள் இன்னும் முரண்டு பிடிக்கும். அவற்றின் எடை மையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். சூப்பர் மார்க்கெட் டிராலியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் திரும்பினால் போதும், முழுதாகச் சுற்றிக்கொள்ளும். அதே நிலைமைதான் இங்கும்.

காற்று குறுக்கே அடித்தால்?

பாலத்தின் மேல் பைக் ஓட்டும்போது பக்கவாட்டில் காற்று அடித்தால் வண்டி தள்ளப்படும். விமானத்தில் தள்ளுவதோடு நிற்காது, திருப்பவும் செய்யும். வால் பெரிய பரப்பு என்பதால் காற்று அதைப் பிடித்துத் தள்ள, மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். கூரை மேல் வைக்கும் காற்றுத் திசைகாட்டி போலத்தான்.

செஸ்னா 172-க்கு அதன் தயாரிப்பாளர் சோதித்துக் காட்டிய குறுக்குக்காற்று வேகம் 15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 28 கி.மீ. அவ்வளவுதான். பெரிய விமானங்களுக்கு வரம்பு அதிகம். ஆனால் அவையும் தப்பவில்லை. 2008 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் டென்வரில் கான்டினென்டல் ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று, டேக்-ஆஃப் ஓட்டத்திலேயே இடது பக்கம் விலகி ஓடுபாதைக்கு வெளியே போய்த் தீப்பிடித்தது. 45 நாட் வரை வீசிய குறுக்குக்காற்று ஒரு பக்கம். தேவைப்பட்ட வலது கால் அழுத்தத்தை கேப்டன் விலகலுக்குச் சில விநாடிகள் முன்பு விட்டுவிட்டது இன்னொரு பக்கம். நல்லவேளை, அதில் இருந்த 115 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

இரண்டு எஞ்சின் என்றால் பாதுகாப்பும் இரண்டு மடங்கா?

பலருக்கும் இப்படி ஓர் எண்ணம் உண்டு. வானத்தில், நல்ல உயரத்தில் அது ஓரளவு உண்மை. டேக்-ஆஃபில் கதை வேறு.

இரண்டு இறக்கையிலும் எஞ்சின் உள்ள விமானத்தில் ஒன்று நின்றால், மற்றொன்று முழு வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். படகில் ஒரு பக்கம் மட்டும் துடுப்பு போட்டால் என்னாகும்? சுற்றும். அதைத் தடுக்க சுக்கானை முழுதாக எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சுக்கானுக்கும் அந்தச் சக்தி கிடையாது. அந்த வேகத்தை வேகமானியில் சிவப்புக் கோடாகவே போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே திசை மாறினால் வழி ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் சக்தியையும் குறைப்பது. தரையில் இருந்தால் இரண்டையும் அடியோடு குறைத்து நிறுத்துவது.

இது எவ்வளவு சீக்கிரம் குழப்பும் என்பதற்கு 2019 ஜூன் 30 அன்று டெக்சாஸ் மாநிலம் அடிசனில் நடந்த விபத்து சாட்சி. கிங் ஏர் 350 விமானம் எழும்பிய சில நொடிகளில் இடது எஞ்சினின் உந்துசக்தி குறைந்தது. தேவைப்பட்டது வலது கால். பைலட் முதலில் அழுத்தியது இடது பெடல். விமானம் கவிழ்ந்து அருகிலிருந்த ஹேங்கரில் மோதியது. 10 பேரும் இறந்தார்கள். புறப்படும் முன் பைலட்கள் எந்த செக்லிஸ்ட்டையும் கேட்டதாகவோ, ‘எஞ்சின் போனால் என்ன செய்வோம்’ என்று பேசிக்கொண்டதாகவோ காக்பிட் குரல் பதிவில் இல்லை என்கிறது அமெரிக்க விசாரணை.

எசென்டனில் அந்தத் திருகு என்ன செய்தது?

இப்போது மெல்பர்னுக்குத் திரும்புவோம். சுக்கானின் பின் ஓரத்தில் சிறிய தகடு ஒன்று இருக்கும். அதை அசைப்பதற்கான திருகுதான் ‘ரட்டர் ட்ரிம்’. ஒரே பெடலை நீண்ட நேரம் அழுத்திக்கொண்டே இருந்தால் கால் வலிக்கும். அந்த அழுத்தத்தைக் காலுக்குப் பதில் அந்தத் தகடு தாங்கிக்கொள்ளும். ஓர் எஞ்சின் நின்று நீண்ட தூரம் பறக்க வேண்டிய நேரத்தில் இது வரப்பிரசாதம். டேக்-ஆஃப் சமயத்தில் மட்டும் அது நடுவில் இருக்க வேண்டும்.

அன்று அது முழுக்க இடது பக்கம் திருப்பப்பட்டிருந்தது. இடிபாடுகளை ஆராய்ந்த விசாரணையாளர்கள் கண்டது இதுதான். பைலட் அதைக் கவனிக்காமலே புறப்பட்டிருக்கிறார். யாரோ கண்ணுக்குத் தெரியாமல் இடது பெடலை பலமாக மிதித்துக்கொண்டே இருக்க, நீங்கள் அதோடு மல்லுக்கட்டி ஓட்டுவதாக நினைத்துப் பாருங்கள். வேகம் கூடக்கூட காற்றும் கூடும், அந்தத் தகட்டின் பலமும் கூடும்.

இதே நிலைமையை சிமுலேட்டரில் ஓர் அனுபவசாலி பைலட்டை வைத்துச் சோதித்தார்கள். அவர் சொன்னதன் சாரம் இது: ஓடுபாதையில் இழுப்பைச் சமாளிக்க முடிந்தது, ஆனால் சாதாரணமாகக் கால் கொடுக்கும் அழுத்தத்தின் எல்லையில் இருந்தது, அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும், பறந்த பிறகு கொஞ்ச நேரத்தில் கால் சோர்ந்துவிடும்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதுதான்.

‘பைலட் தப்பு’ என்று முடித்துவிடலாமா?

முடித்துவிடலாம், சுலபம். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. அந்த நிறுவனத்தின் கையேட்டில் குறிப்பிடப்பட்டிருந்த செக்லிஸ்ட்டே சரியானது அல்ல. அதை ஒப்புதலுக்காகப் பார்த்தவர்களும் கவனிக்கவில்லை. காக்பிட் குரல் பதிவுக் கருவியைச் சோதிக்கும் படியும் நடைமுறையில் சேர்க்கப்படவில்லை. விளைவு? அந்தக் கடைசிப் பயணத்தில் கருவி எதையுமே பதிவு செய்யவில்லை.

அதாவது, பைலட் ஒரு விஷயத்தைச் சோதிக்க மறந்தார். பைலட் சோதிக்கிறாரா என்று பார்க்க வேண்டிய அமைப்பும் சோதிக்க மறந்தது.

செக்லிஸ்ட் என்பதே இப்படிப்பட்ட மறதியில் பிறந்ததுதான். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக எழும்பியது. நிறுத்தி வைக்கும்போது காற்றில் பாகங்கள் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். செங்குத்தாக ஏறி, விழுந்து எரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல, தேர்ந்த பைலட்கள். அதற்குப் பிறகுதான் ‘நினைவை நம்பாதே, பட்டியலைப் பார்’ என்ற வழக்கம் வேரூன்றியது. அந்த விமானம்தான் பிற்பாடு பி-17 ஆகப் புகழ்பெற்றது.

79 வருடம் கழித்து என்ன நடந்தது? 2014 மே 31. மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 என்ற தனியார் ஜெட். அதே பூட்டு, அதே மறதி. ஓடும்போதே பூட்டு போட்டிருப்பது தெரிந்தது. ஆனாலும் உடனே நிறுத்தவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் முந்தைய 175 டேக்-ஆஃப்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, 98 சதவீதத்தில் கட்டுப்பாடுகளை முழுமையாக அசைத்துப் பார்க்கும் சோதனை செய்யப்படவே இல்லை.

98 சதவீதம் என்றால் அது மறதி இல்லை. அது பழக்கம்.

‘டன்’ என்று டிக் அடிக்கும் கை

நமக்கும் இது புரியாத விஷயம் அல்ல. வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் போகும்போது 20 வரி செக்லிஸ்ட்டில் ‘டன், டன், டன்’ என்று ஒரே மூச்சில் டிக் அடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நூறு முறை ஒன்றும் ஆகவில்லை என்பதால், நூற்றோராவது முறையும் கண் அதைப் பார்ப்பதில்லை. பார்த்ததாக நினைத்துக்கொள்கிறது. அலுவலகத்தில் சர்வர் விழும், ராத்திரி உட்கார்ந்து எழுப்பிவிடலாம். ஓடுபாதையில் அந்த வாய்ப்பு கிடையாது.

ஒரு நியாயமான எதிர்வாதமும் உண்டு. பட்டியலை நீளமாக்கினால் அலட்சியம்தான் கூடும், பாதுகாப்பு கூடாது என்பார்கள். சரிதான். அதனால் இன்னும் பத்து வரி சேர்ப்பது தீர்வல்ல. உயிரை வாங்கக்கூடிய நாலைந்து விஷயங்களை மட்டும் தனியாக எடுத்து, ஓடுபாதையில் நுழையும் முன் கையால் தொட்டு, வாயால் சொல்லிப் பார்ப்பது தீர்வு. ட்ரிம் நடுவில் இருக்கிறதா? பூட்டு எடுத்தாச்சா? பெடலும் பிடியும் முழுதாக அசைகிறதா? காற்று எந்தப் பக்கம்? பக்கத்தில் இரண்டாவது பைலட் இல்லாத விமானத்தில், தன் குரலே தனக்கு இரண்டாவது ஆள்.

நிறுத்துவது தோல்வி அல்ல

இன்னொரு எதிர்வாதம்: நிறுத்துவதும் ஆபத்துதானே? ஆமாம். வேகம் கூடிய பிறகு, ஓடுபாதை முடியும் இடத்தில் பிரேக் பிடித்தால் வேலிக்கு அப்பால்தான் போய் நிற்கும். அதனால்தான் முடிவைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். அதற்கு அந்த முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பைலட்களிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஓடுபாதையின் பாதி தூரத்துக்குள் எழும்பத் தேவையான வேகத்தில் 70 சதவீதம் வரவில்லையா? நிறுத்து. சுமார் 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்கும் செஸ்னா 172-க்கு, பாதி தூரத்தில் 38 நாட்டாவது வந்திருக்க வேண்டும். இதே போலத் திசைக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்பது என் கருத்து: வழக்கமாகக் கொடுக்கும் கால் அழுத்தத்துக்கு மூக்கு நடுக்கோட்டுக்குத் திரும்பவில்லை என்றால், காரணம் தேடாதே, நிறுத்து. காற்றா, எஞ்சினா, டயரா, ட்ரிம்மா என்று நின்ற பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

கேட்க சுலபம். ஆனால் பின்னால் காசு கொடுத்த பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏற்கெனவே தாமதம், இவ்வளவு தூரம் ஓடியாச்சு, ‘எழும்பிட்டா சரியாயிடும்’ என்ற எண்ணம். மனித மனம் தொடங்கியதை முடிக்கவே விரும்பும். அந்த விருப்பத்துக்கு எதிராக நிற்க, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே வாயால் சொல்லி வைத்த ஒரு வாக்கியம் உதவும்: ‘கோட்டை விட்டு விலகித் திரும்பி வரலைன்னா, நான் நிறுத்துவேன்.’

யார் என்ன செய்யலாம்?

வாடகை விமான நிறுவனங்கள், டேக்-ஆஃபைக் கைவிட்டு நிறுத்திய பைலட்டிடம் ‘ஏன் நிறுத்தினாய்’ என்று விளக்கம் கேட்கும் தொனியை விட வேண்டும். அது ஒரு சாதாரண நிகழ்வாக, முடிந்தால் பாராட்டத் தக்கதாக ஆக வேண்டும்.

ஒழுங்குமுறை அமைப்புகள், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் சிறிய விமானங்களிலும் பறப்புத் தரவுப் பதிவை வலியுறுத்த வேண்டும். விபத்துக்குப் பிறகு பார்ப்பதற்கு மட்டுமல்ல, அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதற்கு. பெட்ஃபோர்டில் அந்த 98 சதவீதம் விமானத்தின் பதிவுகளிலேயே இருந்தது. ஏழு பேர் இறந்த பிறகுதான் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. முன்பே யாராவது பார்த்திருந்தால்?

பயணிகளாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. என்றாவது சிறிய விமானத்தில் ஏறும்போது, புறப்படும் முன் பைலட் நிதானமாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஓடுபாதையில் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் முணுமுணுக்காதீர்கள். இறங்கும்போது ஒரு நன்றி சொல்லுங்கள்.

எசென்டனில் அந்தத் திருகை நடுவுக்குக் கொண்டுவர சில விநாடிகள் போதும். அதைச் செய்ய, விமானம் ஓடுபாதைக்கு வருவதற்கு முன்பு எவ்வளவோ நேரம் இருந்தது. எழும்பிய பிறகு மிச்சம் இருந்தது சுமார் பத்து விநாடிதான்.